"அண்ணே, ஃபைல் போச்சு!": தோட்டத்துச் சர்வர்களில் குளஸ்டர் சிக்கல்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் தோட்ட ஆபீஸ், மில், டவுன் கணக்கு ஆபீஸ் என்று இரண்டு மூன்று இடத்துக் கணினிகளை ஒரே ஆள் பார்த்துக்கொள்வது வழக்கம். அந்த ஆளுக்காகத்தான் இது. ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) கூப்பிட்டாலும் சரி, எடைமேடைத் தம்பி கூப்பிட்டாலும் சரி, பேச்சு "ஃபைல் போச்சு" என்றுதான் தொடங்கும். பெரும்பாலும் ஃபைல் எங்கேயும் போயிருக்காது. எந்தப் பிரதி உண்மை என்று சர்வர்களுக்குள் ஒப்புதல் இல்லாமல் நிற்கும், அவ்வளவுதான்.

நான் மனதில் வைத்து எழுதும் அமைப்பு இது. ஆபீஸில் ஒரு சர்வர், மில்லில் ஒரு சர்வர், இரண்டிலும் குளஸ்டர்எஃப்எஸ், அதாவது பல சர்வர்களின் டிஸ்கை ஒரே சேமிப்பிடமாகக் காட்டும் மென்பொருள் (சுருக்கமாகக் குளஸ்டர்). எழுதும் ஒவ்வொரு ஃபைலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போய் உட்காரும். மூன்றாவதாக ஆபீஸ் ஸ்டோர் அறையில் ஒரு சின்ன மெஷின் ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, இருக்கும். பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கூடும் இடத்தில்) பெயர் கூப்பிடும் கிராணி மாதிரி அது. வெட்டுக்குப் போகாது, யார் வந்தார், யார் வரவில்லை என்று மட்டும் எழுதிவைக்கும். ஃபைலின் உள்ளடக்கம் அதில் இருக்காது, பெயரும் விவரமும் மட்டுமே. டவுனில் உள்ள நான்காவது சர்வருக்கு ஜியோ ரெப்ளிகேஷன் மூலம் கொஞ்சம் தாமதமாக ஒரு பிரதி போகும்.

ஒரு தோட்டத்துக்கு இத்தனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அறுத்த செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்கவில்லை என்றால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் மில் ராத்திரியிலும் ஓடும், லாரி எந்நேரமும் வரும், எடைச் சீட்டு பதிவாகியே தீர வேண்டும். சம்பளமோ, 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கைக்குப் போயாக வேண்டும். அந்த வாரம் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) திறக்கவில்லை என்றால் உங்கள் போன் ஓயாது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். குளஸ்டர் எல்லோருக்கும் காட்டும் பொதுச் சேமிப்பிடம்தான் வால்யூம்; அதன் பெயர் "தோட்டம்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

மூன்று கட்டளைகள்: "குளஸ்டர் பியர் ஸ்டேட்டஸ்", "குளஸ்டர் வால்யூம் ஸ்டேட்டஸ் தோட்டம்", "குளஸ்டர் வால்யூம் ஹீல் தோட்டம் இன்ஃபோ சம்மரி". பியர் என்பது கூட்டில் உள்ள மற்ற சர்வர், ஹீல் என்பது பின்தங்கிய பிரதியை மற்றதைப் பார்த்துச் சரிசெய்வது. இவை எதையும் மாற்றாது, நிலைமையை மட்டும் சொல்லும். வந்த பதிலை அப்படியே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ரீஸ்டார்ட் செய்துவிட்டால் அப்புறம் என்ன நடந்தது என்று தெரியவே தெரியாது.

இன்னொன்று, பிரிக் ஃபோல்டருக்குள் கை வைக்காதீர்கள். பிரிக் என்பது சர்வர் டிஸ்கில் குளஸ்டர் தன் ஃபைல்களை வைத்திருக்கும் இடம். அங்கே போய்ப் படிக்கலாம், வெளியே நகல் எடுக்கலாம். எழுதுவது, அழிப்பது, பெயர் மாற்றுவது கூடாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் அடையாள எண்ணும், புள்ளியில் தொடங்கும் மறைந்த குளஸ்டர்எஃப்எஸ் ஃபோல்டரில் ஒரு ஹார்ட் லிங்க்கும் உண்டு. பிரிக்கில் நேரே அழித்தால் அந்த லிங்க் அப்படியே நிற்கும், இடமும் காலியாகாது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்துச் சர்வர் அந்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவந்தும் வைத்துவிடலாம்.

"அண்ணே, ஃபோல்டர் காலியா இருக்கு"

கேட்கவே வயிற்றைக் கலக்கும். ஆனால் இருப்பதிலேயே லேசான கோளாறு இதுதான். வால்யூம் மவுண்ட் ஆகவில்லை, அதாவது அந்த ஃபோல்டரோடு வந்து இணையவில்லை. அவர்கள் பார்ப்பது அந்தக் கணினியின் சொந்த, வெற்று ஃபோல்டர். "டிஎஃப்" கட்டளை போட்டு, அந்த இடத்தில் குளஸ்டர் வால்யூமின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

தெரியவில்லை என்றால் உடனே மவுண்ட் செய்துவிடாதீர்கள். காலியான ஃபோல்டரைப் பார்த்ததும் யாராவது ஒருவர் அதிலேயே புது ஃபைல் சேமித்திருப்பார். மேலே வால்யூம் வந்து உட்கார்ந்தால் அது அடியில் மறைந்துவிடும். முதலில் அதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, அப்புறம் மவுண்ட் செய்யுங்கள். இது திரும்ப நடக்காமலிருக்க, வால்யூம் மவுண்ட் ஆகாத சமயத்தில் அந்த வெற்று ஃபோல்டருக்கு "சிஎச்அட்டர் பிளஸ் ஐ" போட்டு வையுங்கள். மவுண்ட் ஆவதை அது தடுக்காது. ஆகாதபோது யாரும் எழுத முடியாது.

காரணம் பெரும்பாலும் எஃப்எஸ்டேப் (கணினி தொடங்கும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) வரியில் இருக்கும். "நெட்டெவ்" சேர்த்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க் எழுவதற்கு முன்பே மவுண்ட் செய்யப் பார்த்துத் தோற்றுவிடும். இரண்டாவது, மவுண்ட் வரியில் ஆபீஸ் சர்வர் பெயர் மட்டும் இருந்தால், ஆபீஸ் சர்வர் அணைந்திருக்கும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆன கணினி வால்யூமைக் கண்டுபிடிக்காது, மில் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும். "பேக்கப் வால்ஃபைல் சர்வர்ஸ்" என்ற விருப்பத்தில் மற்ற சர்வர்களின் பெயரையும் கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதி வைத்தும் பலனில்லாமல் போவது பல இடங்களில் இந்த ஒரு வரியால்தான்.

கரண்டு போய் வந்தது, ஆனால் ஒரு பிரிக் எழவில்லை

பேராக்கில் சாயங்கால இடியைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கரண்டு போய்த் திரும்பியதும் "வால்யூம் ஸ்டேட்டஸ்" போட்டால், ஒரு பிரிக்குக்கு நேரே ஆன்லைன் பத்தியில் "என்" (ஆங்கில N, இல்லை என்று பொருள்) என்று இருக்கும். "குளஸ்டர் வால்யூம் ஸ்டார்ட் தோட்டம் ஃபோர்ஸ்" என்று போட்டால் எழுந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அந்தச் சர்வரில் டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகாமல் இருந்தால் பிரிக் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது, அதனால்தான் குளஸ்டர் கிளம்ப மறுக்கிறது. அது நல்லதற்குத்தான். சிலர் இந்த இடத்தில் பொறுமையில்லாமல் ஃபோல்டரைக் கையால் உருவாக்கி, பிரிக்கில் இருக்க வேண்டிய வால்யூம் அடையாளத்தையும் ஒட்டிக் கிளப்பிவிடுவார்கள். ஹீல் தொடங்கி, லட்சக்கணக்கான ஃபைல்கள் சிஸ்டம் டிஸ்கில் கொட்டி, அதுவும் நிரம்பி, சர்வரே படுத்துவிடும்.

டிஸ்க் மவுண்ட் ஆகாததற்கு மூன்று காரணம் பார்ப்பேன். எஃப்எஸ்டேப்பில் டிஸ்கை எஸ்டிபி என்று பெயரால் குறிப்பிட்டிருந்தால், ரீஸ்டார்ட்டில் அந்தப் பெயர் மாறியிருக்கலாம்; மாறாத அடையாள எண்ணான யூயூஐடிக்கு மாற்றுங்கள். "ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்" என்று வந்தால் டிஸ்கின் ஃபைல் அமைப்பான எக்ஸ்எஃப்எஸ் அடிபட்டிருக்கிறது; டிஸ்கை மவுண்ட் செய்யாத நிலையிலேயே "எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்" ஓட்ட வேண்டும். டிஸ்கே கண்ணில் படவில்லை என்றால் அது செத்துவிட்டது. புது டிஸ்க் போட்டு "ரீசெட் பிரிக் ஸ்டார்ட்", அதே இடத்தில் மவுண்ட், "ரீசெட் பிரிக் கமிட் ஃபோர்ஸ்", பிறகு "ஹீல் தோட்டம் ஃபுல்" என்ற வரிசையில் போங்கள்.

யூபிஎஸ்ஸை சர்வருக்கு மட்டும் கொடுத்துவிட்டு நெட்வொர்க் சுவிட்சைச் சுவரில் சொருகியிருக்கும் இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கரண்டு போனதும் இரண்டு சர்வரும் உயிரோடு இருக்கும், ஒன்றையொன்று பார்க்க முடியாது. அடுத்த அறிகுறிக்கு நேர் வழி அது.

"திறந்தா இன்புட் அவுட்புட் எரர்னு வருது"

இதுதான் ஸ்பிளிட் பிரெய்ன். நிதானமாகப் படியுங்கள்.

ஆர்பிட்டர் இல்லாமல் இரண்டே பிரதியோடு போட்ட பழைய அமைப்புகளில்தான் இது அதிகம் வரும். நடப்பது இப்படி: இடியில் ஆபீஸ்–மில் இணைப்பு அறுந்தது. ஆபீஸில் கிராணி செக்ரோல் ஷீட்டைத் திறந்து புதிதாகச் சேர்ந்த ஆட்களின் பெயரைச் சேர்த்தார். அது ஆபீஸ் பிரிக்கில் மட்டும் எழுதப்பட்டது. அதே ராத்திரி மில்லில் ஓவர்டைம் மணிகளை அதே ஷீட்டில் போட்டார்கள். அது மில் பிரிக்கில் மட்டும். இரண்டும் "நான் எழுதிவிட்டேன், எதிர்ப் பக்கம் எழுதவில்லை" என்று தனித்தனியே குறித்துவைத்துக்கொண்டன. இணைப்பு திரும்பியதும் இரண்டும் ஒன்றையொன்று குற்றம் சொல்கின்றன. எதை நம்புவது என்று குளஸ்டருக்குத் தெரியாது, அதனால் யாருக்குமே காட்டாது.

"குளஸ்டர் வால்யூம் ஹீல் தோட்டம் இன்ஃபோ ஸ்பிளிட்-பிரெய்ன்" போட்டால் மாட்டிக்கொண்ட ஃபைல்களின் பட்டியல் வரும். தீர்க்க மூன்று வழி கொடுத்திருக்கிறார்கள்: "பிக்கர் ஃபைல்", "லேட்டஸ்ட் எம்டைம்", "சோர்ஸ் பிரிக்". முதல் இரண்டையும் சம்பளக் கணக்கில் நான் தொடுவதில்லை. பெரிய ஃபைல் சரியான ஃபைல் என்று எந்தச் சட்டமும் இல்லை. கடைசியாகச் சேமித்தது என்றால், யாரோ சும்மா திறந்து பார்த்துவிட்டு சேவ் பட்டனைத் தட்டியதாகவும் இருக்கலாம். சர்வர் கடிகாரம் ஓடிப்போயிருந்தால் இன்னும் மோசம்.

இரண்டு பிரிக்கிலிருந்தும் அந்த ஃபைலை வால்யூமுக்கு வெளியே நகல் எடுங்கள். ஒன்றுக்கு ஆபீஸ், இன்னொன்றுக்கு மில் என்று பெயர் வையுங்கள். கிராணியைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டையும் திறந்து காட்டுங்கள். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்தான். எதில் திருத்தம் அதிகமோ அதை "சோர்ஸ் பிரிக்" ஆகக் கொடுத்து ஹீல் செய்யுங்கள். கொடுக்கும் பாதை வால்யூமின் உச்சியிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் மற்ற நகலில் மட்டும் இருந்த வரிகளை, மவுண்ட் வழியாகத் திறந்து, கையால் சேர்த்துவிடச் சொல்லுங்கள். நகல் இரண்டையும் சம்பளம் போட்டு முடியும்வரை அழிக்காதீர்கள்.

தேதியை ஒப்பிடும்போது சின்ன எச்சரிக்கை. ஒரு சர்வர் யூடிசியிலும் மற்றது கோலாலம்பூர் நேரத்திலும் இருந்தால் 8 மணி நேர வித்தியாசம் தெரியும். அது காட்டும் விதம் மட்டும்தான், உள்ளே நேரம் ஒன்றே. அதைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைக் கையால் 8 மணி நேரம் தள்ளிவைத்தால்தான் உண்மையான கோளாறு பிறக்கும். எல்லாச் சர்வரிலும் குரோனி ஓடட்டும், கடிகாரத்தை அது பார்த்துக்கொள்ளும்.

ஆர்பிட்டர் சேர்ப்பது ஒரே வரி: "ஆட் பிரிக் தோட்டம் ரெப்ளிகா 3 ஆர்பிட்டர் 1", பின்னால் புது மெஷினின் பிரிக். நிலுவையில் ஹீல் எதுவும் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

ஒரு பக்கம் எழுதவே விடவில்லை

ஆர்பிட்டர் போட்ட பிறகு இணைப்பு அறுந்தால் இப்படித்தான் வரும். வெர்ஷனைப் பொறுத்து "ரீட் ஒன்லி" என்றோ "டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்" என்றோ சொல்லும். ஆர்பிட்டர் ஆபீஸ் பக்கம் இருப்பதால் அங்கே மூன்றில் இரண்டு இருக்கிறது, வேலை ஓடும். மில்லில் மூன்றில் ஒன்றுதான், அதனால் நிறுத்திவிடும். இது கோளாறு இல்லை, கேட்டு வாங்கியது. இணைப்பு அறுந்தால், இரண்டு பக்கமும் எழுதி மாட்டிக்கொள்வது, ஒரு பக்கம் நிற்பது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் நிற்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் மில் நிற்கக்கூடாதே? பெரும்பான்மை இருந்தால்தான் எழுத விடும் இந்த விதியை, அதாவது கோரத்தை (quorum), அணைத்துவிடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள், செய்யாதீர்கள். எடைமேடைக் கணினி முதலில் தன் சொந்த டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் எழுதட்டும். லாரிக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு ஃபைல், பெயரில் எண்ணும் நேரமும் இருக்கட்டும். வால்யூம் கிடைக்கும்போது ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அவற்றை அங்கே நகல் எடுக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் எழுதாதவரை மோதலுக்கு இடமே இல்லை.

இணைப்பு நன்றாக இருந்தும் ஒரே ஒரு கணினியில் மட்டும் அந்த "எண்ட்பாயிண்ட்" வாசகம் வந்தால், அங்கே மவுண்ட் புரோசஸ் செத்திருக்கிறது. "யூமவுண்ட் மைனஸ் எல்" போட்டு, மறுபடி மவுண்ட் செய்தால் போதும்.

எல்லாம் ஒரு நிமிடம் உறைந்து, தானாகச் சரியாகிறது

ஒரு சர்வர் திடீரென்று செத்தால், மற்றவர்கள் அதற்காக 42 விநாடி காத்திருப்பார்கள். "நெட்வொர்க் பிங் டைம்அவுட்" என்பதன் இயல்பான அளவு அது. அதை 5 விநாடியாகக் குறைக்கத் தோன்றும். குறைத்தால், நெட்வொர்க் லேசாகத் தடுமாறும்போதெல்லாம் பிரிக்கைக் கைவிட்டு, திரும்பச் சேர்த்து, ஹீல் செய்து என்று நாள் முழுக்க அலையும். விட்டுவிடுங்கள்.

ஹீல் எண்ணிக்கை இறங்கவே இல்லை

ஹீல் டீமன் (பின்னணியில் ஓடும் ஹீல் நிரல்) 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாகச் சுற்றும். அவசரம் என்றால் "குளஸ்டர் வால்யூம் ஹீல் தோட்டம்" என்று தட்டிவிடலாம். எண் மெதுவாகவாவது இறங்குகிறது என்றால் காத்திருங்கள்.

மிக மெதுவாக என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். "ஈத்டூல்" போட்டு வேகத்தைப் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், எங்கோ ஒரு கேபிள் முனையோ சுவிட்ச் போர்ட்டோ இடியில் பாதி வெந்திருக்கிறது. 100 மெகாபிட் என்றால் விநாடிக்கு 12 மெகாபைட்டுக்கும் குறைவு. எழுதும் கணினி இரண்டு பிரதியையும் தானே அனுப்புவதால் அதுவும் பாதியாகும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் இழுத்திருந்தால் ஃபைபருக்கு மாறுங்கள். மின்னல் செம்பில் ஓடி வரும், கண்ணாடி இழையில் வராது.

ஒரு ஃபைல் மட்டும் பட்டியலில் வந்து வந்து போனால், அது ஓயாமல் எழுதப்படும் ஃபைல். டேட்டாபேஸ் எதையாவது வால்யூமில் வைத்திருக்கிறீர்களா? அதை வெளியே எடுத்து, டேட்டாபேஸின் சொந்த ரெப்ளிகேஷனிடம் கொடுங்கள்.

டிஸ்கில் பாதி காலி, ஆனால் "நோ ஸ்பேஸ்"

ஆர்பிட்டரைப் பாருங்கள். உள்ளடக்கம் இல்லாவிட்டாலும் ஃபைல் ஒன்றுக்குச் சுமார் 4 கிலோபைட் அதற்கு வேண்டும், ஒரு ஐநோடும் (ஃபைலின் விவரம் பதியும் இடம்) வேண்டும். எடைச் சீட்டுகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் சின்ன டிஸ்க் தாங்காது. "டிஎஃப் மைனஸ் ஐ" உண்மையைச் சொல்லும். டேட்டா பிரிக்குகளில் 1 சதவீதத்தைக் குளஸ்டர் தனக்கென ஒதுக்கிவைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

"பியர் ரிஜெக்டட்", "டிஸ்கனெக்டட்"

டிஸ்கனெக்டட் என்றால் 24007 போர்ட் திறந்திருக்கிறதா, புது ரூட்டர் வந்து ஐபி முகவரி மாறிவிட்டதா என்று பாருங்கள். சர்வர்களுக்கு நிலையான முகவரி கொடுத்து, ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் எழுதிவையுங்கள்.

ரிஜெக்டட் என்றால் அந்தச் சர்வரிடம் உள்ள வால்யூம் விவரம் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. அதில் குளஸ்டரின் நிர்வாக நிரலான குளஸ்டர்டியை நிறுத்தி, வார் ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் குளஸ்டர்டி என்ற ஃபோல்டரை முழுதாக ஒரு நகல் எடுத்துவிட்டு, அதில் "குளஸ்டர்டி டாட் இன்ஃபோ" ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள். குளஸ்டர்டியைக் கிளப்பி, நல்ல சர்வர் ஒன்றை "பியர் புரோப்" செய்து, மறுபடி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் விவரம் வந்து சேரும். இது பிரிக்கில் உள்ள ஃபைல்களைத் தொடாது.

"நான் போட்டதை யாரோ அழிச்சிட்டாங்க"

இரண்டு சர்வரிலும் சாம்பா (விண்டோஸ் கணினிகளுக்கு ஃபைலைப் பகிரும் நிரல்) தனித்தனியாக ஓடி, விண்டோஸ் கணினிகள் சில அதிலும் சில இதிலும் சேர்ந்திருந்தால், "இந்த ஃபைலை வேறொருவர் திறந்திருக்கிறார்" என்ற பூட்டு ஒரு சாம்பாவுக்கு மற்றதிடமிருந்து தெரியாது. இருவரும் திறப்பார்கள், பிறகு சேமித்தவரே ஜெயிப்பார். சாம்பாக்களை ஒன்றாக இணைக்கும் சிடிடிபி போட்டால் பூட்டு பொதுவாகும். அது முடியாவிட்டால் எல்லோரையும் ஒரே சாம்பாவில் சேர்த்து, மற்றதை மாற்று ஏற்பாடாக வையுங்கள். குளஸ்டர் மேல் பழி போடாதீர்கள், அது சொன்னதைத்தான் எழுதியது.

டவுன் பிரதி "ஃபால்ட்டி"

பாதிக்கு மேல் எஸ்எஸ்எச் சாவிச் சிக்கல்தான்: டவுன் சர்வரை யாரோ புதிதாக இன்ஸ்டால் செய்திருப்பார்கள், அல்லது பாஸ்வேர்ட் கொள்கையை மாற்றியிருப்பார்கள். பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே போக முடிகிறதா, அங்கே ஃபைல் நகலெடுக்கும் ஆர்சிங்க் இருக்கிறதா, கடிகாரம் சரியா என்று பார்த்துவிட்டு, ஜியோ ரெப்ளிகேஷனை ஓட்டும் ஜிசிங்க்டியின் பதிவைப் படியுங்கள். "பாசிவ்" என்று ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். பிரதி ஜோடியில் ஒன்றுதான் அனுப்பும், மற்றது சும்மா இருக்கும்.

எல்லா இடத்திலும் ஃபைல் இல்லை

யாரோ அழித்திருக்கிறார். ரெப்ளிகேஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, எல்லா இடத்திலும் அழித்துவிட்டது. டவுனிலும் சற்று நேரத்தில் போய்விடும். செய்தி வந்தவுடன் ஜியோ ரெப்ளிகேஷனை நிறுத்துங்கள், டவுனில் இன்னும் மிச்சமிருக்கலாம். இல்லையென்றால் பேக்கப்தான். தினமும் ராத்திரி வேறு டிஸ்குக்கு எடுத்து, வாரத்துக்கு ஒரு பிரதியைக் கழற்றி வைத்திருந்தால் மீளலாம். மீட்ட ஃபைலை மவுண்ட் வழியாகவே போடுங்கள், பிரிக்கில் போடாதீர்கள். போட்டதும் உரிமையாளர் பெயரைப் பாருங்கள். ரூட் என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் "திறக்குது, ஆனா சேவ் ஆகலை" என்று கணக்கு ஆபீஸ் அக்கா கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிடுவார்.